எந்த முயல் சாப்பிடவில்லை? ஒரு முயல் இணையின் விமானப் பயணம்: நிகழ்வு ஆய்வு

நான் முயல்களை அதிகம் பார்க்கும் கால்நடை மருத்துவர். இங்கே எழுதியிருப்பது என் பொறுப்பில் நடந்த ஒரு பயணம். முயலின் உரிமையாளர்கள் சம்மதித்ததால் எழுதுகிறேன். பெயர், ஊர், நாடு, விமான நிறுவனம் எதுவும் இதில் இல்லை. நேரங்களை எல்லாம் புறப்பட்ட ஊரின் கடிகாரப்படியே கொடுத்திருக்கிறேன். முயலின் குடலுக்கு நேர மண்டலம் தெரியாது என்பதால் அப்படிக் கணக்கிடுவதுதான் சரி.

பின்னணி

ஒரு தம்பதி வேலை மாறி வேறு நாட்டுக்குக் குடிபெயர இருந்தார்கள். அவர்களிடம் இரண்டு முயல்கள். பெண் முயலுக்கு 6 வயது, எடை 1.8 கிலோ, காது தொங்கும் வகை. ஆண் முயலுக்கு 3 வயது, எடை 2.1 கிலோ, நிமிர்ந்த காது. இரண்டுக்கும் கருத்தடை ஆகியிருந்தது. இரண்டரை வருடமாக ஒன்றாக வாழ்ந்து, ஒன்றையொன்று நக்கிக்கொடுத்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும் இணை.

பெண் முயலுக்கு முந்தைய ஓராண்டில் இரண்டு முறை குடல் ஓட்டம் நின்றிருந்தது. காரணம் பல். கடைவாய்ப் பற்களில் கூர் வளர்ந்து நாக்கைக் கீறியதால் சாப்பாட்டைக் குறைத்திருந்தது. ஆண் முயலுக்கு ஒரு நாள்கூட உடம்பு சரியில்லாமல் போனதில்லை. ஆகவே எங்கள் எல்லோருடைய கவலையும் முதல் நாளிலிருந்தே பெண் முயலின் பக்கம் சாய்ந்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பயணத்துக்கு 11 வாரம் இருக்கும்போது என்னிடம் வந்தார்கள். அவ்வளவு முன்னதாக வந்தது பெரிய நன்மை. பலர் டிக்கெட் எடுத்துவிட்டு, சான்றிதழுக்கு மட்டும் கடைசி வாரத்தில் வருகிறார்கள்.

முதல் பரிசோதனையும் முதல் கேள்வியும்

கூட்டிக்கொண்டு போவதா, நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுவிட்டுப் போவதா என்பதுதான் முதல் கேள்வி. முயல் நாயைப் போல ஊர் சுற்றும் விலங்கு அல்ல. தன் இடம், தன் வாசனை, தன் துணை, இந்த மூன்றுக்குள்தான் அதன் நிம்மதி இருக்கிறது. யாரிடமாவது விடுவதையும் அவர்கள் உண்மையாகவே யோசித்தார்கள். ஆனால் மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் ஒரு முயலோடு சேர்த்து இரண்டையும் ஏற்க யாரும் முன்வரவில்லை. பிரித்துக் கொடுக்க அவர்களுக்கு மனம் இல்லை, எனக்கும் சம்மதம் இல்லை.

பெண் முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பற்களைத் தேய்த்துச் சரிசெய்தேன். தலைக்கும் வயிற்றுக்கும் எக்ஸ்ரே எடுத்தோம். தொங்கும் காது முயல்களுக்குக் காதுக்குள் சீழ் கட்டுவது சகஜம் என்பதால் காதையும் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. முயல் மூக்கால் மட்டுமே இயல்பாக மூச்சுவிடும் பிராணி. சளி, தும்மல், மூக்கடைப்பு இருந்தால் பயணம் கூடாது. அது இரண்டுக்கும் இல்லை. நான்கு வாரம் கழித்துப் பற்கள் நன்றாக இருந்தால் போகலாம் என்று சொன்னேன். நன்றாகவே இருந்தன.

காகித வேலை

போகும் நாடு முயலை ஏற்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். இதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் பெரியது. ஆஸ்திரேலிய அரசு நியூசிலாந்திலிருந்து வரும் வளர்ப்பு முயலை மட்டுமே உள்ளே விடுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வீட்டில் முயல் வளர்க்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. நாய், பூனைக்குச் சொல்லப்படும் விதி முயலுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது.

இவர்கள் போகும் நாடு இறக்குமதி அனுமதி, 15 இலக்க மைக்ரோசிப், தடுப்பூசி, புறப்படுவதற்கு முந்தைய 10 நாட்களுக்குள் எடுத்த உடல்நலச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்டது. மிக்சோமடோசிஸ் என்ற வைரஸ் நோய், ஆர்.எச்.டி. என்ற இரத்தக்கசிவு நோயின் இரண்டு வகைகள், இவற்றுக்கான தடுப்பூசியை 6 வாரம் முன்பே போட்டோம். 2010ல் பிரான்சில் கண்டறியப்பட்ட இரண்டாவது வகைக்குப் பழைய தடுப்பூசி போதாது. எனவே பாட்டிலில் எந்த வகை எழுதியிருக்கிறது என்பதைச் சான்றிதழில் அப்படியே குறித்தேன். காகித விஷயத்தில் கடைசி வரை ஒரு சிக்கலும் வரவில்லை.

கேபினா, கார்கோவா

அவர்கள் நாடிய முதல் விமான நிறுவனம் முயலையே ஏற்கவில்லை. இரண்டாவது நிறுவனம் நேரடி விமானத்தில், ஆனால் கார்கோவில் மட்டும் ஏற்றது. மூன்றாவது நிறுவனத்தில் கேபினில் கூடவே வைத்துக்கொள்ளலாம், ஆனால் நடுவில் ஒரு விமான நிலையத்தில் 7 மணி நேரம் காத்திருந்து விமானம் மாற வேண்டும்.

தம்பதி கேபினைத்தான் விரும்பினார்கள். கண் முன்னால் இருக்கும், கையை உள்ளே விட்டுத் தடவிக் கொடுக்கலாம் என்றார்கள். கீழே சரக்கு அறையில் குளிரில் விறைத்துப் போகும் என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பயத்தில் பாதிதான் உண்மை. பயணிகள் விமானத்தில் உயிருள்ள விலங்குகளை வைக்கும் கீழறையில் காற்றழுத்தம் கேபினில் இருப்பது போலவே இருக்கும், வெப்பமும் கட்டுப்படுத்தப்படும். ஆபத்து தரையில்தான் இருக்கிறது. வெயிலில் நிற்கும் சரக்கு வண்டி, தாமதமாகும் விமானம், திறக்காத அலுவலகம் என்று அது பல உருவத்தில் வரும்.

நான் ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து புது வீட்டில் பெட்டியைத் திறக்கும் வரை எத்தனை மணி நேரம்? கேபின் வழியில் 25 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதோடு இரண்டு பாதுகாப்புச் சோதனைகள், இரண்டு முறை ஏறி இறங்குதல். நேரடி கார்கோ வழியில் திட்டப்படி 17 மணி நேரம். பயந்த முயல் சாப்பிடாது. சாப்பிடாத முயலின் குடல் மெல்ல மெல்ல நிற்கும். 12 மணி நேரம் எதுவுமே சாப்பிடாவிட்டால் அது அவசர நிலை. ஆகவே குறைந்த மணி நேரத்துக்கே என் வாக்கு. அவர்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள், அதே விமானத்தில் தாங்களும் போவது என்று முடிவு செய்தார்கள்.

முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகவே வெளியேற்றும். 28, 30 டிகிரி தாண்டினாலே திணறத் தொடங்கும். அதனால் பயணத்தை மூன்று வாரம் தள்ளி, வெயில் தணிந்த பருவத்தில் இரவு விமானமாகப் பார்த்தோம்.

தூக்க மருந்து

“டாக்டர், தூங்க வச்சு அனுப்பிட முடியாதா? அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாம இருக்குமே” என்று அந்தப் பெண் கேட்டார். நல்ல மனதோடு கேட்ட கேள்வி அது. ஆனால் மறுத்துவிட்டேன். மயங்கிய முயலின் இரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் இறங்கும், குடல் இன்னும் மெதுவாகும், ஏதாவது ஆனால் கீழறையில் பார்க்க ஆள் இல்லை. விமான நிறுவனங்களும் மயக்கிய விலங்கை ஏற்கத் தயங்கும். பட்டினி போட்டு அனுப்பவும் கூடாது என்று சேர்த்துச் சொன்னேன். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. ஆகவே வயிறு காலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, நிறைந்திருப்பதுதான் பாதுகாப்பு.

பெட்டிப் பழக்கம், அதில் நான் பார்த்தும் விட்ட ஒன்று

துணிப்பை வகைகள் முயலுக்கு ஆகாது. வலையையும் ஜிப்பையும் கடித்து வெளியே வந்துவிடும். கனமான பிளாஸ்டிக் பெட்டி, உலோகக் கதவு, நான்கு பக்கமும் காற்றோட்டம், இரண்டும் ஒரே நேரத்தில் காலை நீட்டிப் படுக்கும் அளவு, இப்படி ஒன்றை வாங்கினார்கள். ஒன்பது வாரம் முன்பே கதவைக் கழற்றிவிட்டு அதை வீட்டுக்குள் வைத்து, காய்ந்த புல்லை அதற்குள்ளேயே போட்டார்கள். இரண்டாவது வாரத்திலேயே இரண்டும் உள்ளே போய்த் தூங்கின. அவர்கள் செய்த வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

நான்கு வாரம் இருக்கும்போது பெட்டியோடு மூன்று மணி நேரக் கார் பயணம் ஒன்று போய்வரச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பெண் முயல் பத்து நிமிடத்தில் புல் தின்றது. ஆண் முயல் 5 மணி நேரம் கழித்துத்தான் வாய் வைத்தது. பயணம் முழுக்க அது ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது, தண்ணீர்ப் பாட்டிலைத் தொடவில்லை. “ரொம்ப சமத்தா இருந்தான்” என்றார் கணவர்.

அதை என் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதியதோடு விட்டுவிட்டேன். அசையாமல் இருப்பது சமத்து அல்ல. வேட்டையாடப்படும் பிராணி உச்ச பயத்தில் உறைந்துபோவது அது. மூன்று மணி நேரப் பயணத்துக்கு 5 மணி நேரம் சாப்பிடாத முயல், 17 மணி நேரப் பயணத்துக்கு என்ன செய்யும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பெண் முயல் நன்றாகத் தேறியதில் இருந்த நிம்மதி என் கண்ணை மறைத்துவிட்டது.

பயண நாள்

மாலை 4 மணிக்கு இரண்டும் நன்றாகச் சாப்பிட்டன. பெட்டியில் அடியில் ஈரம் உறிஞ்சும் விரிப்பு, அதன்மேல் அவற்றின் பழைய கம்பளித் துண்டு, நிறையக் காய்ந்த புல், ஈரமாகவே கழுவிப் போட்ட கீரை. விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. பாட்டிலில் குடிக்காத முயலும் ஈரக் கீரையைத் தின்றால் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும். கதவில் பாட்டிலோடு ஒரு கிண்ணத்தையும் மாட்டியிருந்தார்கள். வெளியே உயிருள்ள விலங்குகள் என்ற ஒட்டுத்தாளும், மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறிகளும் ஒட்டியிருந்தன.

5 மணிக்குக் கிளம்பி 6.30க்குக் கார்கோ அலுவலகத்தில் ஒப்படைத்தார்கள். காலிப் பெட்டியை எக்ஸ்ரேயில் விட வேண்டும், முயல்களை வெளியே எடுங்கள் என்று அங்கே சொன்னார்கள். இது பலர் எதிர்பார்க்காத கட்டம். பயந்த முயல் கையிலிருந்து உதைத்துத் துள்ளும்போது பின்னங்காலின் பலத்திலேயே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளக்கூடும். முன்பே பேசி வைத்திருந்தபடி அவர்கள் கதவு மூடிய அறை கேட்டார்கள், கிடைத்தது. ஒவ்வொருவரும் ஒரு முயலைத் துண்டில் சுற்றி, தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

விமானம் 10.40க்குக் கிளம்ப வேண்டியது, 1.50க்குத்தான் கிளம்பியது. தாமதம் என்று அறிவித்ததுமே மனைவி பணியாளர்களிடம் போய், பெட்டி எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். இன்னும் விலங்குகளுக்கான அறையிலேயே இருக்கிறது, கடைசியில்தான் ஏற்றுவோம் என்று பதில் வந்தது. அவர் கேட்காவிட்டாலும் அப்படித்தான் வைத்திருப்பார்களா என்பது தெரியாது. கேட்டது நல்லது.

இறங்கியபின்

காலை 9.50க்கு விமானம் இறங்கியது. பெட்டியை விடுவிக்க 2 மணி 40 நிமிடம் ஆனது. அங்கே ஒரு அடி விழுந்தது: தாவரப் பொருள் நாட்டுக்குள் வரக் கூடாது என்று மிச்சமிருந்த புல், கீரை அத்தனையையும் அதிகாரிகள் எடுத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது விதிப்படி சரிதான். புல்லில் ஒட்டிவரும் பூச்சி, விதை, நோய்க்கிருமி பற்றிப் பல நாடுகள் கண்டிப்பாக இருக்கின்றன. இதை எதிர்பார்த்து அதே வகைப் புல்லைப் புது வீட்டுக்கு முன்கூட்டியே வரவழைத்தும் இருந்தோம். ஆனால் அது வீட்டில் இருந்தது, விமான நிலையத்தில் இல்லை.

1.15க்கு வீட்டில் பெட்டியைத் திறந்தார்கள். மொத்தம் 20 மணி 15 நிமிடம். விரிப்பில் நாற்பது, ஐம்பது புழுக்கைகள் இருந்தன. படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். அளவும் நிறமும் நன்றாக இருப்பதைப் பார்த்து எனக்கும் நிம்மதி வந்தது. பெண் முயல் நேராகப் புல்லுக்குப் போய்த் தின்ன ஆரம்பித்தது. ஆண் முயல் மூலையில் உட்கார்ந்தது.

4 மணிக்கு அந்தப் பெண் கூப்பிட்டார். “டாக்டர், அவ நல்லா சாப்பிடுறா. இவன்தான் கொஞ்சம் களைப்பா இருக்கான். கீரையை மூக்குகிட்ட வச்சாலும் திரும்பிக்கிறான்.” உடம்பைச் சுருட்டி உட்கார்ந்திருக்கிறதா, பல்லை நறநறவெனக் கடிக்கிறதா என்று கேட்டேன். இரண்டுக்கும் ஆமாம் என்றார். தடவிக் கொடுக்கும்போது முயல் மெல்லப் பல் உரசுவது சுகத்தால். யாரும் தொடாமலே உரக்கக் கடித்தால் அது வலி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியில் இருந்த புழுக்கைகள் எல்லாமே பெண் முயலுடையதாக இருக்கலாம். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் எது யாருடையது என்று தெரியாது. எங்களுக்கு நல்ல செய்தியாகத் தெரிந்தது பாதி முயல்களைப் பற்றிய செய்தி மட்டும்தான். அந்தப் படத்தை நம்பி மூன்று மணி நேரத்தை இழந்திருந்தோம். எடை பார்க்கச் சொன்னேன், தராசு இன்னும் வந்து சேராத சாமான்களுக்குள் இருந்தது.

சிகிச்சை

உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். அவர்கள் குறித்து வைத்திருந்த இடத்தில் முயல் பார்ப்பதில்லை என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். அடுத்த இடத்தைத் தேடிப் பிடித்துப் போய்ச் சேர மணி 7 ஆகிவிட்டது.

எடை 1.96 கிலோ, அதாவது 140 கிராம் குறைவு. உடல் வெப்பம் 37.6 டிகிரி. முயலுக்கு 38.5 முதல் 40 வரை இருக்க வேண்டும், சாப்பிடாத முயலில் வெப்பம் இறங்குவது கெட்ட அறிகுறி. எக்ஸ்ரேயில் வயிற்றிலும் குடலிலும் வாயு தெரிந்தது, அடைப்பு இல்லை. அடைப்பு இல்லை என்று உறுதியானபின்தான் குடலை முடுக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டும். அங்கிருந்த மருத்துவர் சரியாக அந்த வரிசையில்தான் செய்தார்: முதலில் உடம்பைச் சூடாக்கினார், வெதுவெதுப்பான திரவம் ஏற்றினார், வலிக்கு மருந்து போட்டார், பிறகு குடலை முடுக்கும் மெட்டோகுளோபிரமைடு கொடுத்தார், சிரிஞ்சில் கரைத்த நார்ச்சத்து உணவை ஊட்டத் தொடங்கினார். என் குறிப்புகளையும் தடுப்பூசிப் பதிவையும் அவருக்கு அனுப்பிவைத்தேன்.

பெண் முயலையும் கூடவே அனுமதிக்கும்படி கேட்டுக்கொண்டேன். துணை பக்கத்தில் இருந்தால் முயல் சீக்கிரம் சாப்பிடத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதோடு, மருத்துவமனை வாசனையோடு ஒன்று மட்டும் திரும்பி வந்தால் மற்றது அடையாளம் தெரியாமல் சண்டைக்கு வரலாம். கம்பித் தடுப்புக்கு இருபக்கமும் வைத்தார்கள். இம்முறை யாருடைய புழுக்கை என்ற குழப்பம் இல்லை.

மறுநாள் பிற்பகலில், அனுமதித்து 20 மணி நேரம் கழித்து, முதல் புழுக்கைகள் விழுந்தன. மிளகைவிடச் சின்னதாக, கோணலாக ஆறு. அன்று இரவு தானாகவே புல்லைக் கடித்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது. ஐந்தாம் நாள் புழுக்கை பழைய அளவுக்கு வந்தது, மூன்றாவது வாரத்தில் எடை 2.1 கிலோவுக்குத் திரும்பியது. பெண் முயலுக்கு அந்தப் பயணத்தால் ஒன்றும் ஆகவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நேரடி விமானம், இரவு நேரம், தூக்க மருந்து வேண்டாம் என்பது, பெட்டிப் பழக்கம், மூடிய அறையில் சோதனை, இவற்றை மறுபடியும் அப்படியே செய்வேன். கேபினில் போயிருந்தால் ஆண் முயல் சாப்பிடாததை முன்பே பார்த்திருப்பார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். பார்த்திருப்பார்கள்தான். ஆனால் நடுவழியில் என்ன செய்திருக்க முடியும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதலில் மாறுவது சோதனைப் பயணத்தை நான் படிக்கும் விதம். இப்போது ஒவ்வொரு முயலும் வீடு திரும்பியபின் முதல் வாய் புல் தின்ன எத்தனை நிமிடம் ஆகிறது என்று தனித்தனியாக எழுதச் சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் இன்னும் சில சோதனைப் பயணங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் விமானப் பயணத்தையே மறுபடி யோசிக்கச் சொல்கிறேன். இந்த இரண்டு மணி நேரம் என் அனுபவத்திலிருந்து நானே வைத்துக்கொண்ட எல்லை, பாடநூல் விதி அல்ல.

அடுத்தது பெட்டி. இணையைப் பிரிக்க மாட்டேன். நிறுவனம் ஒப்புக்கொண்டால் ஒரே பெட்டிக்கு நடுவில் கம்பித் தடுப்பு வைப்பேன்: வாசனையும் தொடுதலும் கிடைக்கும், விரிப்பு இரண்டாக இருக்கும். தடுப்புக்கு வழியில்லை என்றால், பெட்டியில் புழுக்கை இருப்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. வீடு வந்ததும் இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு, கையால் ஆளுக்கொரு கீரை கொடுத்து, தின்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கிளம்பும் நேரத்து எடை கையில் இருந்தால்தான் இது பயன்படும். சமையலறைத் தராசு ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

போய்ச் சேரும் ஊரில் முயல் பார்க்கும் மருத்துவரைத் தேடிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொன்னேன். தேடினார்களா, அங்கே முயல் பார்ப்பார்களா என்று நான் உறுதிசெய்யவில்லை. இப்போது சான்றிதழில் கையெழுத்துப் போடும் முன், அந்த மருத்துவமனையோடு நானே பேசி, இறங்கும் நாளுக்கே நேரம் குறித்துவிடுகிறேன். தேவைப்படாவிட்டால் ரத்து செய்யலாம். சிரிஞ்சும் ஊட்டும் உணவும் அங்கே கிடைக்கும்படி ஏற்பாடு செய்கிறேன்.

புல்லை, அந்த நாட்டிலேயே வாங்கிய புல்லை, யாராவது விமான நிலைய வாசலுக்கே கொண்டுவர வேண்டும். வெளியே வந்த நிமிடம் பெட்டிக்குள் போட்டுவிடலாம்.

பத்து மாதம் கழித்துத் தம்பதி மறுபடி கூப்பிட்டார்கள். இரண்டு முயல்களும் நலம். ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வர வேண்டியிருக்கும், அப்போது பெண் முயலுக்கு 8 வயது ஆகியிருக்கும், கூட்டிவரலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஆண் முயலுக்கும் வேண்டாம் என்றேன், அதன் காரணத்தை அவர்களுக்கு விளக்கத் தேவை இருக்கவில்லை. ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியுமா என்று கணவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.